கோடையில் நாய் சொறிகிறதா? எங்கே சொறிகிறது என்று முதலில் பாருங்கள்

பங்குனி பிறந்ததிலிருந்து ஆடிக் காற்று வீசும் வரை, எங்கள் தெருவில் யாராவது ஒருவர் தம் நாயைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. நான் கால்நடை மருத்துவர் அல்லன். விருதுநகரில் 15 ஆண்டுகளாக நாய் வளர்ப்பவன், தெருநாய்கள் சிலவற்றுக்கும் சோறு வைத்து மருந்து போடுபவன், அவ்வளவே. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், நாய் சொறிஞ்சிக்கிட்டே இருக்கு, என்ன தடவலாம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அது எங்கே சொறிகிறது என்பது. இடம் தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். எண்ணெயோ களிம்போ பூசிவிட்ட பிறகு அந்தப் பாதி விடையும் அழிந்துபோகும். மருத்துவர் சுரண்டிப் பார்க்கும் மாதிரியில்கூட எண்ணெய்தான் வரும்.

பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு பேன்சீப்பு, ஈரமாக்கிய வெள்ளைத் தாள், டார்ச் விளக்கு, ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி ஆகியவை போதும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். ஓய்வாகப் படுத்திருக்கும் நாய்க்கு 103-க்கு மேல் காட்டினாலோ, சொறிவதோடு சாப்பாட்டையும் விட்டுவிட்டிருந்தாலோ, கீழே உள்ள எதையும் முயலாமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

## வால் அடியையும் இடுப்பையும் கடித்துக்கொள்கிறது

முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. பூச்சியே கண்ணில் படவேண்டும் என்பதில்லை, அது மிக விரைவாகத் தாவி மறைந்துவிடும். வால் தொடங்கும் இடத்தில் பேன்சீப்பால் பத்து முறை வாரி, சீப்பில் சேரும் கருந்தூளை ஈர வெள்ளைத் தாளில் தட்டுங்கள். அரை நிமிடத்தில் தூளைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது உங்கள் நாயின் செரித்த இரத்தம். கறை பரவாவிட்டால் அது வெறும் மண்.

தெள்ளு உறுதியானால், நாயின் எடைக்கு ஏற்ற மருந்தைக் கழுத்தின் பின்புறத் தோலில் விடுவதோ மாத்திரையாகக் கொடுப்பதோ எளிய வழி. தோலில் விடும் ஃபிப்ரோனில் மருந்தானால் அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. குளிப்பாட்டிய ஈரத்திலேயே மருந்தை விட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று குறைப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தெள்ளின் முட்டையும் புழுவும் நாயின் மேல் இருப்பதைவிட அது படுக்கும் சாக்கிலும் பாயிலும்தான் மிகுதியாக இருக்கும். ஆகவே படுக்கையைக் கொதிநீரில் போட்டு அலசி வெயிலில் காயவைப்பதை வாரம் ஒரு முறை, குறைந்தது இரண்டு மாதங்களுக்குச் செய்ய வேண்டும்.

சீப்பில் ஒன்றுமே வராமலும் இடுப்பில் முடி கொட்டி அரிப்பு நிற்காமலும் இருந்தால், தெள்ளின் உமிழ்நீருக்கு ஒவ்வாமை கொண்ட நாயாக இருக்கலாம். அப்படிப்பட்ட நாய்க்கு ஓரிரண்டு கடியே வாரக்கணக்கில் அரிப்பைத் தரும். ஒரு மாதம் தெள்ளு மருந்து கொடுத்தும் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

## உண்ணி கண்ணில் படுகிறது

இது எங்கள் ஊர்க் கோடையின் தலையாய தொல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காது மடலின் உட்புறம், கால்விரல் இடுக்குகள், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், உதட்டு ஓரம் ஆகிய ஐந்து இடங்களிலும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் சிறிய ஆமணக்குக் கொட்டையைப் போல இருக்கும். குடிக்காதது எள்ளைப் போலத் தட்டையாக ஓடும்.

கையளவுக்குள் எண்ணக்கூடியதாக இருந்தால் பிடுங்கி எடுக்கலாம். இடுக்கியைத் தோலோடு ஒட்டிய இடத்தில் வைத்து, திருகாமல், நேராக மெதுவாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் வைப்பது, தீக்குச்சியால் சுடுவது போன்ற பழைய கைவைத்தியங்கள் உண்ணியைவிட நாயின் தோலுக்கே கேடு. பிடுங்கியதை விரலால் நசுக்காமல் சோப்பு நீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள்.

பத்து இருபது என்று போய்விட்டால் பிடுங்கிப் பயனில்லை. மாதம் ஒரு முறை கொடுக்கும் மாத்திரைகளும் மூன்று மாதம் தாங்கும் மாத்திரைகளும் இப்போது கிடைக்கின்றன. மாத்திரை கொடுத்த மறுநாளும் உண்ணி தெரியலாம், ஏனெனில் அது கடித்து இரத்தம் குடித்த பிறகுதான் சாகும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாயானால், இந்த மாத்திரைகளைக் கொடுக்குமுன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரிய நாயின் மாத்திரையை வாங்கி இரண்டு நாய்களுக்குப் பிட்டுக் கொடுக்கும் சிக்கனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மருந்து எல்லாப் பக்கமும் சமமாகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

### மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது

குற்றம் மருந்தினுடையது அன்று, சுவரினுடையது. நாயின் மேல் உள்ள உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை இரத்தம் குடித்து மூன்று முறையும் கீழே விழுகிறது. கடைசியாக விழும் பெண், சுவர் விரிசலிலோ கதவு நிலை இடுக்கிலோ ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. இந்த உண்ணிக்கு மேலே ஏறும் குணம் உண்டு. ஒரு முறை நண்பர் வீட்டு மாடிப்படியின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, நாய் படுக்கும் இடத்திலிருந்து ஆளுயரத்துக்கு மேல், பூச்சு உதிர்ந்த ஒரு பிளவில் மிளகைக் கொட்டி வைத்தது போல அடைந்து கிடந்தன. அவர் அதுவரை நான்கு மாதமாக நாயை மட்டுமே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சிமென்ட் வைத்து அந்தப் பிளவை அடைத்து, தரைக்கும் சுவருக்கும் டெல்டாமெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லிக் கரைசலை இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை அடித்த பிறகே அந்த வீட்டில் உண்ணி ஓய்ந்தது. கரைசலின் அளவு புட்டியின் மேல் எழுதியபடிதான் இருக்க வேண்டும், தரை காயும் வரை நாயையும் குழந்தைகளையும் விடக் கூடாது, வீட்டில் பூனை இருந்தால் இவ்வகை மருந்தை அடிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

### உண்ணி போய்விட்டது, நாய் சோர்ந்து கிடக்கிறது

கடித்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, வெளிறிய ஈறு, அடிவயிற்றில் ஊசி முனை போன்ற சிவப்புப் புள்ளிகள், மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இங்கே வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்து, இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தாக வேண்டும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்னும் கிருமி என்று தெரிந்தால், டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக்கை ஏறக்குறைய நான்கு வாரங்களுக்குக் கொடுக்கச் சொல்வார்கள். நான்காம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். அதைக் கண்டு மாத்திரையை நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்கான முதல் காரணம்.

## ஒரே இரவில் ஈரமான சிவந்த புண்

மாலை வரை ஒன்றும் இருந்திருக்காது. காலையில் கன்னத்திலோ தொடையிலோ உள்ளங்கை அகலத்தில் முடி பசை போட்டாற்போல் ஒட்டிக் கிடக்கும். விலக்கிப் பார்த்தால் உள்ளே பச்சை இறைச்சி போல் சிவந்து நீர் கசியும், தொட்டால் நாய் உறுமும். அடர்ந்த முடி கொண்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் வகைகளில், குளிப்பாட்டிச் சரியாகத் துவட்டாமல் விட்ட மறுநாளில் இதை அதிகம் காணலாம். நாய் தானே நக்கியும் கடித்தும் ஏற்படுத்திக்கொள்ளும் புண் இது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், தொடக்கத்தில் பிடித்தால் நான்கைந்து நாளில் ஆறிவிடும்.

முதல் வேலை, கழுத்தில் கூம்பு மாட்டி நாயின் வாய் புண்ணுக்கு எட்டாமல் செய்வது. இரண்டாவது, புண்ணைச் சுற்றி நல்ல தோல் தெரியும் வரை முடியை டிரிம்மரால் எடுப்பது; கத்தரிக்கோல் வேண்டாம், ஒட்டிய முடியோடு தோலும் வெட்டுப்படும். மூன்றாவது, கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் குளோர்ஹெக்சிடின் கரைசலாலோ, வெளிறிய தேநீரின் நிறம் வரும் அளவுக்கு நீர் கலந்த போவிடோன் அயோடினாலோ நாளுக்கு இரு முறை துடைத்து, காற்றாடி முன்னால் காயவிடுவது. கட்டுப் போடக் கூடாது. மஞ்சளைக் குழைத்து அப்பினால் ஈரம் உள்ளே அடைபட்டு, ஆறவேண்டிய புண் அழுகத் தொடங்கும். மஞ்சளின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தப் புண்ணில் அதற்கு வேலை இல்லை.

பிறகு, புண்ணைத் தூண்டியது எது என்று தேட வேண்டும். கன்னத்தில் புண் என்றால் அந்தப் பக்கத்துக் காதுக்குள் பாருங்கள். இடுப்பில் என்றால் தெள்ளுக்குச் சீப்பு போடுங்கள். ஆசனவாய்க்குப் பக்கத்தில் என்றால் அங்குள்ள சுரப்பிப் பைகள் நிறைந்திருக்கலாம், அதை மருத்துவர்தான் பிதுக்க வேண்டும். இரண்டு நாளில் பரப்பு குறையாமல் பெருகினாலோ, சீழ் வைத்தாலோ, தொடவே விடாத அளவுக்கு வலி இருந்தாலோ மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

## காது விளிம்பிலும் முழங்கையிலும் முடி கொட்டிப் பொருக்கு கட்டுகிறது

### அரிப்பு தாங்க முடியவில்லை என்றால்

சொறிப் பூச்சியாக இருக்கும். காது மடலின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகச் சொறியும் அசைவில் ஆடினால் சந்தேகம் வலுக்கிறது. நாயைத் தூக்கும் உங்கள் முன்கையிலும் வயிற்றிலும் அரிக்கும் சிறு பொரிகள் வந்திருந்தால் இன்னும் வலுக்கிறது. நாய் குணமானதும் உங்களுக்கும் அது தானாக மறையும், அதற்கென்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டில் உள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே நேரத்தில் மருத்துவம் செய்யாவிட்டால் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

### அரிப்பு அவ்வளவாக இல்லை என்றால்

ஒரு வயதுக்குட்பட்ட குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்காலிலும் மட்டும் முடி கொட்டியிருந்தால், மயிர்க்காலில் வாழும் டெமோடெக்ஸ் பூச்சியாக இருக்கலாம். இது மற்ற நாய்களுக்கோ மனிதர்க்கோ ஒட்டாது. நான்கைந்து திட்டுகளோடு நின்றால் நல்ல தீனியில் தானே மறைவதும் உண்டு. பரவினாலோ, வளர்ந்த நாய்க்குப் புதிதாக வந்தாலோ மருத்துவம் வேண்டும். வளர்ந்த நாயில் வேறு ஏதோ உள்நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்திருக்கக்கூடும். ஸ்டெராய்டு கலந்த களிம்பு இதைப் பன்மடங்கு பெருக்கிவிடும்.

இரண்டுக்கும் உறுதியான விடை, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான். அரசு கால்நடை மருத்துவமனைகள் பலவற்றிலும், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளிலும் இதைச் செய்துகொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் போடுவது கிராமப்புறங்களில் சாதாரணமாக நடக்கிறது. கோலி போன்ற மேய்ப்பு வகை நாய்களில் பலவற்றுக்கு மரபணுக் குறையால் அது மூளைக்குள் புகுந்து உயிரையே வாங்கும். மற்ற நாய்களுக்கும் அளவு மிஞ்சினால் ஆபத்துத்தான். அதைவிடக் கொடியது எரிந்த எஞ்சின் ஆயில். இருசக்கர வாகனப் பட்டறை வாசலில் கிடந்த ஒரு குட்டிக்கு, இரக்கப்பட்டு யாரோ உச்சி முதல் வால் வரை அதைப் பூசியிருந்தார்கள். அது நக்கி நக்கி நுரையாக வாந்தியெடுத்துக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் திரவத்தால் மூன்று முறை கழுவியும் தோலில் கருமை போகவில்லை. அடியில் இருந்த சொறி அப்படியே இருந்தது. மண்ணெண்ணெய், பினாயில், பெட்ரோல் எல்லாம் இதே கணக்கில்தான் சேரும்.

## மாவு புளித்த வாடையும் பிசுபிசுப்பும்

நாயை எத்தனை முறை குளிப்பாட்டினாலும் மறுநாளே வாடை வருகிறது, பாதத்தை ஓயாமல் நக்கி விரல் இடுக்கு துருப் பிடித்தது போல் பழுப்பாகிவிட்டது, அக்குளும் தொடை இடுக்கும் கறுத்து யானைத்தோல் போலத் தடித்துவிட்டன என்றால், அது மலசீசியா என்னும் பூஞ்சையின் வேலையாகவே பெரும்பாலும் இருக்கும். விருதுநகர் போன்ற வறண்ட ஊரைவிடக் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது அதிகம்.

குளோர்ஹெக்சிடினோடு மைக்கோனசோலோ கீட்டோகோனசோலோ சேர்ந்த நாய் ஷாம்பு வாங்கி, வாரம் இரு முறை, மூன்று நான்கு வாரங்களுக்குப் போட வேண்டும். போட்டவுடன் கழுவினால் காசுதான் நீரோடு போகும். நுரை தோலில் பத்து நிமிடம் இருக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் விரல் இடுக்கு உட்பட ஒட்டத் துவட்ட வேண்டும். மனிதர் ஷாம்பு நாயின் தோலுக்கு ஏற்றதன்று. ஒரு மாதத்தில் குறைந்து, நிறுத்தியதும் மீண்டும் வந்தால் அடியில் ஒவ்வாமை இருக்கிறது என்று பொருள். கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

## வட்ட வட்டமான திட்டுகள்

அடிவயிற்றில் சீழ்ப் பொரிகளாகத் தொடங்கி, உடைந்து, ஓரம் உரியும் வளையங்களாக மாறினால் அது பாக்டீரியா தொற்றாக இருக்கும். குறைவாக இருந்தால் மேலே சொன்ன குளோர்ஹெக்சிடின் ஷாம்புவே போதும். பரவினால் மருத்துவர் எழுதும் ஆன்டிபயாட்டிக்கை அவர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

அரிப்பு அதிகமில்லாமல், முடி ஒடிந்து, சாம்பல் பொடுகோடு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் படர்தாமரையைச் சந்தேகியுங்கள். இது வீட்டுக் குழந்தைகளுக்கு ஒட்டும். மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துக்கொடுக்கும், ஸ்டெராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த களிம்புகளை இதன்மேல் தடவாதீர்கள். இரண்டு நாள் சிவப்பு அடங்கும், பின்னர் உருமாறிப் பரவும். நாய் அதை நக்கி உள்ளுக்கும் அனுப்பிவிடும். முடியை எடுத்து வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதுவரை நாயைக் குழந்தைகளின் படுக்கையில் விடாதீர்கள்.

## தலையை உதறிக்கொண்டே இருக்கிறது

காதைத் திருப்பி மோந்து பாருங்கள். காப்பித்தூள் போன்ற கசடா, மஞ்சள் சீழா, உண்ணியா என்று டார்ச் வெளிச்சத்தில் தெரியும். வெளியே தெரியும் அழுக்கைப் பஞ்சால் துடைப்பதோடு நிறுத்துங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விடுவதும் தேங்காய் எண்ணெய் ஊற்றுவதும் கூடாது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, காது மடல் பலூன் போல் உப்பியிருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

## மூக்கு, காது நுனி, பாதம் சிவந்து உரிகிறது

பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். வெயிலில் கட்டிப்போட்டால் மூக்கும் காது நுனியும் முடி குறைந்த அடிவயிறும் வெந்துபோகும். காலை 10 முதல் மாலை 4 வரை நிழலில் வைப்பதுதான் மருந்து. துத்தநாக ஆக்சைடு கலந்த வெயில் களிம்பை நாய் நக்கினால் நஞ்சாகும். காது நுனியில் மூன்று நான்கு வாரமாக ஆறாத புண் இருந்தால், அது புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டும். பொமரேனியனுக்குப் புழுக்கமாக இருக்கும் என்று முடியை ஒட்ட மழித்துவிடுவதும் இந்தத் தொல்லையைத்தான் கொண்டுவரும். சில நாய்களுக்கு முடி பழையபடி முளைப்பதே இல்லை. சிக்கை எடுத்து வாரிவிட்டாலே போதும்.

பாதம் வெந்திருந்தால் காரணம் தார்ச்சாலை. புறங்கையை ஏழு நொடி சாலையில் வைக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தக் கூடாது. அக்னி நட்சத்திர நாட்களில் சூரியன் இறங்கிய பிறகும் சாலை சூடாகவே இருக்கும். வெந்த பாதத்தைப் பத்து நிமிடம் சாதாரண நீரில் வையுங்கள், ஐஸ் வேண்டாம். பாதத் தோல் வழன்று தொங்கினால் மருத்துவர் கட்ட வேண்டும்.

## புண்ணில் புழு வைத்துவிட்டது

துர்நாற்றமும் துளையும் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். டர்பன்டைனும் பெட்ரோலும் புழுவோடு தசையையும் சுடும். மேலும் ஈ மொய்க்காமல் சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்; துளை வெளியே தெரிவதைவிட உள்ளே ஆழமாக ஓடியிருக்கும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று வீட்டில் இருக்கும் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

## எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஆண்டுதோறும் திரும்புகிறது

தெள்ளு இல்லை, உண்ணி இல்லை, சுரண்டிப் பார்த்ததில் பூச்சி இல்லை, தொற்றுக்கு மருந்தும் முடிந்தது, அப்படியும் பாதத்தையும் அக்குளையும் காதையும் சொறிகிறது என்றால், மகரந்தம், தூசி, உணவு ஆகியவற்றில் ஒன்றுக்கு ஒவ்வாமை இருக்கலாம். நடுவயது கடந்த நாய், அரிப்பே இல்லாமல் இருபுறமும் ஒரே அளவாக முடி கொட்டி, எடை கூடி, மந்தமாக இருந்தால் தைராய்டு இரத்தப் பரிசோதனை தேவைப்படும். செலவும் பொறுமையும் அதிகம் கேட்கும் கட்டம் இதுதான். உணவைச் சோதிப்பதென்றால் நாய் இதுவரை தின்றிராத ஒரே வகை இறைச்சியும் ஒரே வகை மாவுப்பொருளும் மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். இடையில் பாட்டி ஊட்டும் ஒரு பிஸ்கட் போதும், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மருத்துவரிடம் போகும்போது எந்த மாதம் எந்த இடத்தில் தொடங்கியது, எந்த நாளில் எந்த மருந்து கொடுத்தீர்கள் என்று எழுதிய தாளையும், புண்ணைக் கழுவும் முன் கைபேசியில் எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள். போவதற்கு முதல் நாள் குளிப்பாட்டாதீர்கள், எதையும் தடவாதீர்கள்.